பாதிப் புத்தகம் – 9: முடிவு தெரிந்த பிள்ளைகள்

"நம்ம டீச்சர் இவ்வளவு சந்தோஷமா இருக்கிறதைப் பார்த்தா எனக்குப் பயமா இருக்கு" என்று போன வாரம் ஒரு வாசகி எழுதியிருந்தார். அம்மா தாயே, உங்களுக்குக் கருநாக்கா? இந்த அத்தியாயத்தை எழுத உட்கார்ந்ததிலிருந்து உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் டீச்சர் மூன்றாம் வகுப்பு எடுப்பவர். அவருடைய பள்ளிக்கூடம் ஆற்றுக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கமும் ஒரு ஆரம்பப் பள்ளி இருக்கிறது. நடுவில் பாலம், பாலத்தின் நடுவில் இரும்பு கேட். சண்டை ஓய்ந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் இக்கரைக்காரர்கள் அக்கரைக்காரர்களைப் பார்த்தால் காறித் துப்புவார்கள், அவர்கள் இவர்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் 'உலக சமாதானத்துக்காக வாசிப்போம்' என்ற திட்டம் வந்தது. சின்னப் பிள்ளைகள், யாரோடு தங்கள் பெரியவர்கள் சண்டை போட்டார்களோ அவர்களுடைய பிள்ளைகளோடு உட்கார்ந்து கதை படிக்க வேண்டும். அவ்வளவுதான் சுற்றறிக்கை. மற்ற பள்ளிகளில் ஒரு பேனரைக் கட்டி, ஒரு போட்டோ எடுத்து முடித்துக்கொண்டார்கள். நம் டீச்சர் சும்மா இருப்பாரா?

ஒவ்வொரு கதைப் புத்தகத்தையும் அவர் இரண்டாகப் பிரித்தார். முன்பாதி நம் பிள்ளைகளுக்கு. பின்பாதி அக்கரைப் பிள்ளைகளுக்கு. கதை முழுதாகத் தெரிய வேண்டுமானால் இவன் அவனுக்குப் படித்துக் காட்ட வேண்டும், அவன் இவனுக்குப் படித்துக் காட்ட வேண்டும். குறுக்கு வழியே கிடையாது.

புத்தகங்களைப் பிரித்துத் தைத்து இரண்டு பாதிக்கும் தனித்தனியே அட்டை போட்டுக் கொடுத்தது யார்? வேறு யார், வீட்டிலேயே பைண்டர் இருக்கும்போது? டீச்சரின் வீட்டுக்காரர்தான். வீட்டின் முன்னறைதான் அவருடைய கடை. பள்ளிக்கூட வேலைகளை வைத்துத்தான் பாதிப் பிழைப்பு ஓடுகிறது. அக்கரை என்றாலே அவருக்கு ஆகாது. அந்தக் கதையை நாலாம் அத்தியாயத்தில் சொன்னேன். இருந்தும் முகம் சுளிக்காமல் செய்து கொடுத்தார். அதில்தான் டீச்சருக்கு அத்தனை பூரிப்பு.

இனி, அந்த வாசிப்பு நாள்.

காலையில் பைண்டர் பல் தேய்த்துக்கொண்டே வந்து கேட்டார். "என்ன, உலக சமாதானம் கிளம்பியாச்சா?"

"கிளம்பியாச்சு. இஸ்திரி போட்ட துணிதான் ஒண்ணும் காணோம்."

"கொடு இப்படி. நீ தலையை வாரு."

கட்டின புருஷன் இஸ்திரி போட்டுக் கொடுப்பதை எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறீர்கள்? டீச்சர் கண்ணாடி முன்னால் நின்று ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தார். ஊரில் ஆயிரம் பேச்சு, எவன் என்ன சொன்னாலும் நம்ம ஆள் நம்ம பக்கம் என்று மனசுக்குள் ஒரு தெம்பு.

மகள் மட்டும் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. அவளுக்கு வீட்டில் பெயர் வாலு. ஒரு நிமிஷம் ஓர் இடத்தில் உட்கார மாட்டாள். அம்மாவின் வகுப்பிலேயே படிக்கிறாள்.

"வயிறு வலிக்குதும்மா. நான் வரலை."

"இத்தனை நாளா இதுக்குத்தானே குதிச்சே? இன்னைக்குப் பார்த்து என்ன வயித்து வலி? எழுந்திரு, எழுந்திரு."

பைண்டர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மகளின் தலையைத் தடவினார். "போயிட்டு வாடா செல்லம். அப்பா சொன்னது ஞாபகம் இருக்கில்ல?"

"என்ன சொன்னீங்க?" என்று டீச்சர் திரும்பினார்.

"தைரியமா இருன்னு சொன்னேன். வேற என்ன?"

வாலு அப்பாவையும் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. எழுந்து போய் முகம் கழுவினாள்.

வாசிப்பு நடந்த இடம் பாலத்தை ஒட்டிய பழைய சுங்கக் கொட்டகை. யாருடைய கரை என்று சண்டை வராத ஒரே இடம். பாயை விரித்து, பேனரைக் கட்டி, பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்திருந்தார் டீச்சர். கேட் திறக்கும் சத்தம் கேட்டது. அக்கரைப் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகக் கைகோத்து நடந்து வந்தார்கள். எல்லார் கையிலும் பாதிப் புத்தகம். சிலர் அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்கள்.

அக்கரை டீச்சர் நெடுநெடுவென்று உயரம். இந்த இரண்டு பேரும் மாதக்கணக்கில் ஃபோனில் பேசிப் பேசியே சிநேகிதமானவர்கள்.

"எங்க பிள்ளைங்க ராத்திரி தூங்கவே இல்ல டீச்சர்" என்றார் அவர். "ஆடு எங்கே போச்சுன்னு எங்களுக்குத்தான் தெரியும், அவங்களுக்குத் தெரியாதுன்னு ஒரே பெருமை."

"எங்க பசங்க மட்டும் என்னவாம்? முதல் பாதியை மனப்பாடமே பண்ணிட்டாங்க."

அக்கரை டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "உண்மையைச் சொல்லட்டுமா? எங்க பக்கம் ஒருத்தரும் பிள்ளையை அனுப்பறதா இல்ல. அவங்க ஏமாத்த மாட்டாங்கன்னு வீடு வீடாப் போய் என் பேரை அடகு வச்சுக் கூட்டிட்டு வந்திருக்கேன். நல்லபடியா முடியணும்."

"முடியும் டீச்சர். நான் இருக்கேன்ல?" என்று சொல்லி நம் டீச்சர் அவர் கையைப் பிடித்தார்.

கதையின் பெயர் 'சாவி விழுங்கிய ஆடு'. கோட்டை ஊர் ஒன்று. ஊர்க் கதவுக்கு ஒரே சாவி. ஒருநாள் காவல்காரன் கண்ணயர்ந்த நேரம் பார்த்து அவனுடைய ஆடு சாவியை விழுங்கிவிடுகிறது. உள்ளே இருப்பவர் வெளியே போக முடியாது, வெளியே இருப்பவர் உள்ளே வர முடியாது. விடிந்து பார்த்தால் ஆட்டையே காணோம். அந்த இடத்தில்தான் முன்பாதி முடிகிறது.

இக்கரையில் ஒன்று, அக்கரையில் ஒன்று என்று ஜோடி ஜோடியாக உட்கார்ந்து, முதலில் நம் பிள்ளைகள் படித்தார்கள். அக்கரைப் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். ஆடு சாவியை விழுங்கிய இடத்தில் கொட்டகையே சிரித்தது. இரண்டு கரைச் சிரிப்பும் ஒன்றாகக் கலந்து கேட்டபோது டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. எதிர்ச் சுவரோரம் நின்ற அக்கரை டீச்சரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்தது பின்பாதி.

முன்வரிசையில் ஒரு ஜோடி. நம் பக்கம் அவசரம். அது பட்டப் பெயர். கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் பதிலைச் சொல்லிவிடுவான், அது தப்பாகத்தான் இருக்கும். அந்தப் பக்கம் நீல ரிப்பன் கட்டிய ஒரு சிறுமி. அக்கரைப் பேச்சு கொஞ்சம் இழுவை, கடைசி வார்த்தையை ராகம் போட்டு விடுவார்கள். அவள் பயந்து பயந்து, ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை வைத்துப் படித்தாள்.

"மறுநாள் காலை ஊரே ஆட்டைத் தேடிக் கிளம்பியது. குயவர் தன் பானைகளுக்குள் எட்டிப் பார்த்தார்…"

"பானைக்குள்ள இருக்காது" என்றான் அவசரம்.

அவள் நிறுத்தினாள். அவனைப் பார்த்தாள். பிறகு அதே வரியை முதலிலிருந்து இன்னும் சத்தமாகப் படித்தாள்.

"பானைக்குள்ள இருக்காதுன்னு சொல்றேன்ல? பூட்டுக்காரர் வீட்டுக்குப் போயிருக்கும். சாவி வயித்துக்குள்ள இல்லவே இல்ல. கழுத்து மணிக்குள்ள மாட்டியிருக்கும்!"

"ஆமா ஆமா! அதான் மணி அடிக்கவே அடிக்காது!" என்று பக்கத்து ஜோடியிலிருந்து ஒருவன் கத்தினான்.

"கடைசியில காவல்காரன் ஆட்டுக்கு முத்தம் கொடுப்பான்!"

ஒருவன் சொன்னதும் அத்தனை பேருக்கும் வாய் முளைத்துவிட்டது. எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று ஒரே போட்டி. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கக் குழந்தைகளுக்குத் தெரியாது. ஆனால் அக்கரைப் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் புத்தகத்தை மூடினார்கள். நாள் கணக்கில் படித்துப் பழகி, ரகசியம் காத்துக் கொண்டு வந்த கதை. அதைக் கேட்க ஆளில்லை. நீல ரிப்பன் மட்டும் மூடாமல், விரலை வைத்த இடத்திலேயே வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

டீச்சர் ஓடி வந்தார். "யாருடா சொன்னது உங்களுக்கு? எப்படித் தெரியும்?"

"படிச்சோம் டீச்சர்." அவசரம் பைக்குள் கையை விட்டு ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்து நீட்டினான். "எங்க புத்தகத்துல ஆடு கறுப்பு வெள்ளை. இவ புத்தகத்துலதான் கலர் ஆடு."

ஜெராக்ஸ் எடுத்துத் தைத்த பின்பாதி.

டீச்சர் கையில் வாங்குவதற்குள் அக்கரை டீச்சர் வாங்கிவிட்டார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"இது எங்க பாதி. உங்க கையைத் தாண்டித்தானே எங்ககிட்ட வந்துச்சு டீச்சர்?"

"எனக்குச் சத்தியமா ஒண்ணும் தெரியாது…"

"இதைப் பார்க்கத்தான் எங்க பிள்ளைங்களைக் கூப்பிட்டீங்களா? வாங்கடா கண்ணுங்களா. எழுந்திருங்க."

புத்தகத்தைப் பாயில் போட்டுவிட்டு அவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார். கேட் மூடும் சத்தம் கேட்டது. டீச்சர் குனிந்து அந்தப் புத்தகத்தை எடுத்தார். நடுப் பக்கத்தைப் பிரித்தார். பச்சை நூல். முடிச்சை வெளியே விடாமல் உள்ளே செருகி, மேலே ஒரு சொட்டுப் பசை.

கல்யாணமான புதிதில் வீட்டுக்காரர் தைக்கும் அந்த நூலுக்கு மெழுகு தடவிக் கொடுத்தவரே டீச்சர்தான். இந்த முடிச்சை இப்படிப் போட ஊரில் வேறு ஆளில்லை. கண்ணை நம்பாமல் இன்னொருவன் பையிலிருந்தும் எடுத்துப் பார்த்தார். அதிலும் அதே பச்சை நூல்தான்.

டீச்சருக்குக் கோபம் வரவில்லை.  பேனர் கட்டியிருந்த தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பள்ளிக்கூட வாசலில் பெற்றோர் கூட்டம். செய்தி அதற்குள் வந்து சேர்ந்திருந்தது. அவசரத்தின் அம்மா தையல்காரி. டீச்சரைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தாள்.

"என்ன டீச்சர், அவங்க கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்களாமே? இந்தப் பய வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டான். வீட்ல படி, வெளியில சொல்லாதேன்னுதான் சொன்னேன்."

"உங்களுக்கு யார் கொடுத்தா?"

அவள் விழித்தாள். "என்ன டீச்சர் இப்படிக் கேக்கறீங்க? உங்க வீட்டுக்காரர்தான். எல்லாருக்கும் கொடுத்தார். இதைப் பத்தி டீச்சர்கிட்டப் பேசிக்காதீங்க, அவ சங்கடப்படுவான்னார். உங்களுக்குத் தெரிஞ்சுதான் நடக்குதுன்னு நினைச்சோம். தெரியாதா?"

ஊருக்கே தெரியும். காலையில் வணக்கம் சொன்னவர்களுக்கெல்லாம் தெரியும். வாசிப்பு நாளுக்கென்று பிள்ளைகளுக்குக் கைக்குட்டை தைத்துக் கொடுத்த இந்தத் தையல்காரிக்குத் தெரியும். தெரியாதவர் ஒரே ஒருவர்தான்.

தலைமையாசிரியையான பெரிய டீச்சர் தன் அறைக்குள் கூப்பிட்டார். அவர் எதையும் சுற்றி வளைக்க மாட்டார். "அந்தப் பள்ளிக்கூடத்துல இருந்து ஃபோன் வந்தாச்சு. இக்கரைக்காரங்க புத்தியைக் காட்டிட்டாங்கன்னு பேசறாங்க. சாயங்காலத்துக்குள்ள அவங்க மனசு மாறலைன்னா திட்டத்துக்கு மங்களம் பாடிட வேண்டியதுதான். அப்புறம் நம்ம காலத்துல அந்த கேட் பிள்ளைங்களுக்குத் திறக்காது. நான் உன்னைச் சந்தேகப்படல. ஆனா அவங்க உன்னைத்தான் சொல்றாங்க. யாரு கொடுத்தது?"

டீச்சர் வாயைத் திறந்தார். அந்தப் பெயரைச் சொன்னால் நாளைக்கே பைண்டரின் கடைக்குப் பள்ளிக்கூட வேலை எதுவும் வராது. சொல்லாவிட்டால் மாதக்கணக்கில் கட்டியது மண்ணாகும், தானும் துரோகி என்ற பெயரோடு நிற்க வேண்டும்.

"வீட்டுக்குப் போயிட்டு வந்து சொல்றேன் மேடம்" என்றார். பெரிய டீச்சர் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். புரிந்துகொண்டவர் போல மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் வாலு அம்மாவின் கையைப் பிடிக்காமல் பின்னால் நடந்து வந்தாள். தெருமுனை வந்ததும் டீச்சர் நின்றார்.

"நீயும் படிச்சியா?"

தலை மட்டும் அசைந்தது.

"உன் ஜோடிப் பையன் படிக்கும்போது நீயும் கத்தினியா?"

"இல்லம்மா! நான் கத்தலை. தெரியாத மாதிரியே முகத்தை வச்சுக்கிட்டு இருந்தேன். அவன் மணியைப் பத்திப் படிச்சப்போ, அட அப்படியான்னு கூடக் கேட்டேன்." அவளுக்கு அழுகை முட்டியது. "அம்மாகிட்டச் சொல்லக் கூடாதுன்னு அப்பா சத்தியம் வாங்கிக்கிட்டார். சொன்னா அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சண்டை வரும்னார். அதான் வயித்தை வலிச்சுது."

டீச்சர் அங்கேயே தெருவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மகளைக் கட்டிக்கொண்டார். காலையில் 'எழுந்திரு எழுந்திரு' என்று அதட்டியது நெஞ்சைக் குத்தியது. ஜெராக்ஸ் எடுத்ததைக்கூட மன்னித்துவிடலாமோ என்று பாதி வழியில் ஓர் எண்ணம் வந்திருந்தது. அது அந்த இடத்திலேயே போய்விட்டது.

பைண்டர் கடையில் அட்டைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார், அவர் கையில் இருந்ததைப் பார்த்தார். பிரஷ்ஷைக் கீழே வைக்கவில்லை.

"யாரு கொடுத்தான்னு கேக்க மாட்டேன்" என்றார் டீச்சர். "ஏன்னு மட்டும் சொல்லுங்க."

"உனக்கே தெரியும்."

"உங்க வாயால சொல்லுங்க."

"சொல்றேன். நல்லாக் கேட்டுக்கோ. எங்க அப்பாவை வண்டியில படுக்க வச்சு அந்த கேட்டுக்கு முன்னாடி நின்னேன். ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்தான் இருந்துச்சு. கையெடுத்துக் கும்பிட்டேன், கால்ல விழறேன்னு சொன்னேன். எவனும் நம்பலை, திறக்கலை. திரும்பிக் கொண்டு வரும்போது வண்டியில அவர் இல்ல, உடம்புதான் இருந்துச்சு. இப்போ என் பொண்ணு, ஒரு கதையோட முடிவு தெரிஞ்சுக்க அவங்க முன்னாடி போய்க் கையேந்தி உட்காரணும். அப்படித்தானே உன் திட்டம்? என் உசிரு போனாலும் அது நடக்காது. நம்ம பிள்ளைங்க எதுக்காகவும் அவங்களை நம்பி நிக்கக் கூடாது. அதான் கொடுத்தேன். நல்லதுக்குத்தான் கொடுத்தேன்."

"நம்ம பிள்ளைங்க கையேந்தலைங்க. முதல் பாதியைக் கொடுத்துட்டு இரண்டாம் பாதியை வாங்கிக்கிட்டாங்க. அதுக்குப் பேரு கையேந்தறதா?"

"எனக்கு அப்படித்தான்."

"சரி. உங்களுக்கு அப்படித்தான். உங்க அப்பா போன துக்கம் எனக்குத் தெரியாததா? 'எனக்கு இது பிடிக்கலை, நான் தைக்க மாட்டேன், நீ வேற ஆளைப் பாரு'ன்னு என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தா நான் என்ன உங்களைக் கடிச்சா தின்னிருப்பேன்? சண்டை போட்டிருப்போம். ரெண்டு நாள் பேசாம இருந்திருப்போம். அவ்வளவுதானே? நீங்க சிரிச்சீங்க. இன்னைக்குக் காலையில எனக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தீங்க. எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே போட்டுக் கொடுத்தீங்க."

பைண்டர் பிரஷ்ஷைப் பசைக் கிண்ணத்துக்குள் வைத்தார்.

"அதையும் விடுங்க. பிள்ளைகிட்டச் சத்தியம் வாங்கியிருக்கீங்களே! பெத்த பொண்ணை என் வீட்லயே எனக்கு எதிரா ரகசியத்தை ஒளிச்சு வைக்கப் பழக்கியிருக்கீங்க. உங்களை என்னன்னு சொல்றது?"

"சத்தம் போடாதே. தெருவுல கேக்கும்."

"கேக்கட்டும். தெருவுக்குத்தான் என்னைவிட முன்னாடியே எல்லாம் தெரியுமே!"

அந்த நேரம் பார்த்து டீச்சரின் செல்ஃபோன் அடித்தது. திரையில் 'அக்கரை டீச்சர்'. டீச்சர் ஸ்பீக்கரைப் போட்டார். வேண்டுமென்றேதான் போட்டார்.

"டீச்சர், நான்தான்." அந்தக் குரல் காலையில் கேட்ட குரல் இல்லை, களைத்திருந்தது. "எங்க பெரியவங்க எல்லாரும் கூடிப் பேசிட்டாங்க. இனிமே பிள்ளைங்களை அனுப்ப மாட்டாங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு எடுத்தேன். ஒரு பிள்ளை இன்னும் வீட்டுக்குப் போகாம இங்கேயே உட்கார்ந்து அழுதுக்கிட்டு இருக்கு, அதுக்கு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலை. நீங்க கொடுத்தீங்களா, இல்லையா?"

டீச்சர் கணவரைப் பார்த்தார். பைண்டர் பசைக் கையை ஆட்டி, வேண்டாம், சொல்லாதே என்று ஜாடை காட்டினார். இத்தனைக்கும் பிறகும் அவருக்கு அதுதான் தோன்றியது.

"நான் கொடுக்கலை டீச்சர். என் வீட்டுக்காரர் கொடுத்திருக்கார். எனக்குத் தெரியாம."

 அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பில்லை.

"வீட்டுக்காரர் மேல பழியைப் போட்டாச்சா? ஒரே வீட்ல இருக்கீங்க. உங்களுக்குத் தெரியாம அவர் தைச்சு, அவர் கொடுத்து… இதை நான் நம்பணும், எங்க ஆளுங்களையும் நம்பச் சொல்லணும். அப்படித்தானே டீச்சர்?"

"சத்தியமா டீச்சர். அவர் இங்கேதான் நிக்கறார். அவரையே சொல்லச் சொல்றேன்."

டீச்சர் செல்ஃபோனைக் கணவரின் முன்னால் நீட்டினார்.  "ஒரே வார்த்தைங்க. நான்தான்னு சொல்லுங்க. கோபமாவே சொல்லுங்க, திட்டிக்கிட்டே சொல்லுங்க. ஆனா சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

பைண்டர் செல்ஃபோனை வாங்கினார். அதைப் பார்த்தார். கட்டை விரலால் சிவப்புப் பொத்தானை அமுக்கி, வேலை மேசை மேல் வைத்தார்.

"என்னை அவங்ககிட்டக் காட்டிக் கொடுத்துட்டே இல்ல?" என்றார்.

டீச்சர் அழவில்லை. அழுவதற்கும் பக்கத்தில் நம்பிக்கையான ஆள் வேண்டும். கதவோரம் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தார். "செருப்பைப் போட்டுக்கோ. என்கூட வா. அவங்க முன்னாடி நீயாவது நடந்ததைச் சொல்லு."

"எங்கே போறே?"

"பாலத்துக்கு."

"கேட்டைத் திறக்க மாட்டாங்க."

"திறக்க வேண்டாம். வெளியே நின்னு சொல்றேன். யார் காதுல விழுதோ விழட்டும். நீங்களும் ஒருநாள் அப்படி நின்னவர்தானே? அன்னைக்கு உங்களை யாரும் நம்பலை. இன்னைக்கு என்னை யாரும் நம்பலை. உங்களுக்காவது அது எப்படி இருக்கும்னு தெரிஞ்சிருக்கணும்."

வாசல் கதவு சாத்திக்கொண்டது. இரண்டு ஜோடிச் செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்து போனது. பைண்டர் மறுபடி பிரஷ்ஷை எடுத்தார். ஓர் அட்டைக்குப் பசை தடவினார். தடவியதிலேயே திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தார்.

மேசை மேல் செல்ஃபோன் அடித்தது. போன வேகத்தில் டீச்சர் அதை எடுத்துக்கொள்ள மறந்திருந்தார். 'அக்கரை டீச்சர்' என்று திரை மின்னியது. பைண்டர் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. இந்தச் சனியனுக்கு ஒரு வழி பண்ணுகிறேன் என்று கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எடுத்தார். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவதென்றுதான் எடுத்தார்.

"டீச்சர்?"

அக்கரை டீச்சர் இல்லை. சின்னக் குரல். கடைசி எழுத்தை இழுத்து விடுகிற அக்கரைப் பேச்சு.

"டீச்சர், எங்க டீச்சருக்குத் தெரியாம எடுத்தேன். சீக்கிரம் சொல்லுங்க. நான் படிச்சது நல்லா இல்லையா? அதான் யாரும் கேக்கவே இல்லையா?"

பைண்டர் செல்ஃபோனைக் காதோடு இறுக்கிப் பிடித்தார். 

"நாங்க இழுத்து இழுத்துப் பேசுவோம், நீங்க எல்லாம் சிரிப்பீங்கன்னு எங்க அப்பாதான் பக்கத்துல உட்கார்ந்து தினமும் சொல்லிக் கொடுத்தார். எந்த இடத்துல டீச்சர் தப்பாப் படிச்சேன்? சொன்னா, திருத்திக்கிறேன்."

அவர் நின்ற இடத்திலேயே முக்காலியில் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. குழந்தை பதிலுக்குக் காத்திருந்தது.